முதுகு காட்டி நிற்போர்: கேமிங் விழாத் தன்னார்வலர் பற்றிய முதற்கட்ட ஆய்வு

விளையாடுகிறவர்களைப் பற்றி ஆராய்ச்சி நிறைய உண்டு. விளையாட்டுகளைப் பற்றி அதைவிட அதிகம். கீழடியில் சுடுமண் ஆட்டக்காயும் பகடையும் கிடைத்தபோது அதைக் கொண்டாடாதவர் இல்லை. ஆனால் அந்தப் பகடை உருண்ட அன்றைக்குப் பக்கத்தில் ஒருவன் நின்றிருப்பான். “கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பின்னால இருக்கிறவங்களுக்கு மறைக்குது” என்று சொல்லிக்கொண்டே இருந்திருப்பான். அவனுடைய அடையாள அட்டை எந்தக் குழியிலும் கிடைக்கவில்லை. தோண்டியவர்கள் தேடியதாகவும் தெரியவில்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு என்க.

ஆய்வுக் களம் வடக்கே கொள்ளிடக் கரையில் தொடங்கிக் கிழக்கே தஞ்சாவூர் ரோட்டில் துவாக்குடி வரை. இதற்குள் இரண்டு தரவுகள். ஒன்று, ஸ்ரீரங்கத்தில் ஒரு வைகுண்ட ஏகாதசி. ஆய்வாளர் 19 வயதில் கயிறு பிடித்தது. இன்னொன்று, சென்ற ஆண்டு திருச்சிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இரண்டு நாள் நடந்த கேமிங் விழா. ஆய்வாளர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பிடித்தது. (ஆய்வாளர் என்று வரும் இடமெல்லாம் நான்தான். ஆய்வேடுகளில் ‘நான்’ என்று எழுதினால் வைவா அன்று கேள்வி கேட்பார்களாம்.) கல்லூரியின் பெயரைச் சொல்வதற்கில்லை. அவர்களும் என் பெயரைச் சொன்னதில்லை. ஐ.டி. கார்டில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘வாலண்டியர் 27’ என்று இருந்தது.

மாதிரி அளவு போதாது என்று பேராசிரியர்கள் சொல்லலாம். இந்த ஆய்வுக்கு வழிகாட்டியும் கிடையாது, உதவித்தொகையும் கிடையாது. இதுவும் தன்னார்வப் பணியே.

இயல் ஒன்று: சொல்லும் பொருளும்

தன் + ஆர்வலர் = தன்னார்வலர். பிரிப்பதில் சிக்கல் இல்லை. அந்த ‘தன்’ யாருடையது என்பதில்தான் சிக்கல். என் விஷயத்தில் அது இப்படி நடந்தது. அண்ணன் மகன் போன் செய்தான்.

“சித்தப்பா, சனி ஞாயிறு ஃப்ரீதானே?”

“எதுக்குடா?”

“காலேஜ்ல கேமிங் ஃபெஸ்ட். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா வந்து நில்லுங்க. பெரியவங்க ஒருத்தர் நின்னா ஹெச்.ஓ.டி. ஒண்ணும் சொல்ல மாட்டாரு. வரும்போது வீட்ல இருக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்துட்டு வந்துருங்க.”

ஆர்வம் அவனுடையது, உடம்பு என்னுடையது, பாக்ஸ் என் மனைவியுடையது. பள்ளிக்கூட இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்பீர்கள். திருந்தினான், திருத்தினான். தன்னார்வம் என்பது தன்வினை வேடம் கட்டிய பிறவினை. இலக்கண ஆசிரியர்கள் இதற்குத் தனிப் பெயர் வைக்காமல் விட்டது, அவர்களை யாரும் கேமிங் விழாவுக்குக் கூப்பிடாததால்தான்.

இதைப் பேச்சுத்தமிழ் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. ‘வாலண்டியரா’ என்ற வினையடையை நம் மக்கள் எந்த வினைச்சொல்லோடு சேர்க்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். வாலண்டியரா உதவினான் என்று யாரும் சொல்வதில்லை. வாலண்டியராப் போய் மாட்டிக்கிட்டான். வாலண்டியரா வந்து வாங்கிக் கட்டிக்கிட்டான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்றால் இதற்கு வேண்டிய சான்றுகள் கிடைக்கும்.

அடுத்தது ‘ஓ.டி.’. கல்லூரிக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு: ஆன் டியூட்டி என்பதன் சுருக்கம். விழாவில் வேலை செய்கிற மாணவன் வகுப்பில் இல்லாவிட்டாலும் இருந்ததாகக் கணக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தில் 75 விழுக்காடு வருகை இல்லாமல் பொதுவாகத் தேர்வு எழுத முடியாது என்ற நிலையில் ஓ.டி.யின் மதிப்பைச் சொல்லவே வேண்டாம். அன்று நாங்கள் நாற்பது வாலண்டியர்கள். ‘இந்த விளையாட்டுத் துறைக்குத் தொண்டாற்ற’ வந்தவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் ஓ.டி.க்கு வந்தார்கள். எனக்கு இரண்டும் கிடையாது.

‘ஓடி’ என்பது தமிழில் வினையெச்சம். முடிக்கிற வினை வேறெங்கோ இருக்கும். அது வரும் வரை இது தொங்கிக்கொண்டு நிற்கும். ஓடி வந்தான் என்றும் முடிக்கலாம், ஓடிப் போனான் என்றும் முடிக்கலாம். களப்பணியில் பெரும்பாலும் இரண்டாவதுதான் பதிவானது. பதினொரு மணிக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பதினொன்றேகாலுக்கு எண்ணியபோது முப்பத்தொன்று.

இதில் மனம் தளர வேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்து ஆயிரங்கால் மண்டபத்தில் எண்ணினால் 953 தூண்கள்தான். பேர் கொடுத்தவர் ஆயிரம், வந்து நின்றவர் 953. இது 95.3 விழுக்காடு வருகை. கருங்கல்லுக்கே இதுதான் நிலைமை என்றால் இரண்டாமாண்டு மெக்கானிக்கல் மாணவனை என்ன சொல்வது?

இயல் இரண்டு

இந்த இயலை எழுதித் தர ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். ‘வந்துட்டே இருக்கேன்’ என்கிறார். நாம் மூன்றாம் இயலுக்குப் போய்விடலாம்.

இயல் மூன்று: வரலாறு

அயல்நாட்டுச் செய்தியைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1968-ல் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரில், கேரி கைகாக்ஸ் என்பவர் தோட்டக்கலை மண்டபத்தை 50 டாலருக்கு வாடகை பேசி, பலகை ஆட்டக்காரர்களைக் கூட்டினார். இன்றைக்கும் நடக்கிற ‘ஜென் கான்’ அப்படிப் பிறந்தது. 1994-ல் ஸ்வீடனில் மாலுங் என்ற ஊரில் பள்ளிக்கூடச் சாப்பாட்டு ஹாலில் பையன்கள் கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து அடுக்கினார்கள், அது ‘ட்ரீம்ஹேக்’. 1996-ல் டெக்சஸில் ஓர் ஓட்டலில் ‘குவேக்கான்’. குவேக்கானைத் தூக்கி நிறுத்தியதே தன்னார்வலர்கள்தான். தோட்டக்கலை மண்டபம், பள்ளிச் சாப்பாட்டு ஹால், ஓட்டல். எதுவும் சொந்த இடம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம் கல்யாண மண்டபங்களைப் போல, ‘எப்ப சார் காலி பண்ணுவீங்க?’ என்று சாவிக்கொத்தோடு வருகிற ஒருவர் மூன்று இடத்திலும் இருந்திருப்பார்.

ஆனால் இவர்களுக்கெல்லாம் வெகு காலம் முந்தியது ஸ்ரீரங்கம் என்பது ஆய்வாளரின் துணிபு. ஊர்ப் பெயரே அரங்கம். வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழிக்க வேண்டும். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் சும்மா விழித்தால் பத்தரைக்கே தலை தொங்கிவிடும். அதனால் வீட்டுக்கு வீடு பரமபத சோபான படம் விரிப்பார்கள். தாயக்கட்டை உருளும். பாம்புக்குப் பாம்பு ஓர் அசுரன் பெயர், ஏணிக்கு ஏணி ஒரு நற்குணம், உச்சியில் வைகுண்டம். ஊர் முழுக்க, விடிய விடிய, ஒரே ஆட்டம். கடைசிக் கட்டத்தின் பெயரும் அன்று விடியற்காலையில் கோயிலில் திறந்த வாசலின் பெயரும் ஒன்றே. ஆட்டமும் ஊரும் இப்படி ஒன்றோடு ஒன்று பொருந்திய மாநாட்டை எந்த ஜென் கானும் நடத்தியதில்லை.

போகிற போக்கில் ஒரு சட்டக் குறிப்பு. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை தடை விதித்தது. பரமபதத்தின் உச்ச நேரமும் அதுதான். எங்கள் வீட்டில் பணம் கட்டாமல் புண்ணியம் கட்டி ஆடுவதால் ஏகாதசி தப்பித்தது.

ஆட்டம் இருக்கிற இடத்தில் ஆட்களைப் பிரித்து வேலை கொடுக்கவும் வேண்டும். உடையவர், அதாவது ராமானுஜர், ஸ்ரீரங்கம் கோயில் கைங்கரியக்காரர்களைப் பத்துக் கொத்தாகப் பிரித்து முறைப்படுத்தினார் என்கிறது அக்கோயிலின் வரலாற்று ஏடான ‘கோயிலொழுகு’. யார் எதைத் தூக்க வேண்டும், யார் எங்கே நிற்க வேண்டும் என்று அன்றைக்கே வகுத்துவிட்டார்கள். நம் கேமிங் விழாவில் ஆறு கொத்து: ரெஜிஸ்ட்ரேஷன், டெக், லாஜிஸ்டிக்ஸ், ஹாஸ்பிடாலிட்டி, மீடியா, பி.ஆர். இவற்றின் பொருளைக் களத்தில் நின்று தெரிந்துகொண்டேன். லாஜிஸ்டிக்ஸ் என்றால் மேசை தூக்குவது. ஹாஸ்பிடாலிட்டி என்றால், மேசை தூக்கியவர்களிடம் தக்காளி சாதப் பொட்டலம் தீர்ந்துவிட்டது என்று சொல்வது. மீடியா என்றால் மேசை தூக்குகிறவர்களைப் படம் எடுப்பது. பி.ஆர். என்ன செய்தது என்பது ஆய்வில் தெளிவாகவில்லை.

இந்த வட்டாரத்தில் விழா என்பது புதிதில்லை. துவாக்குடி என்.ஐ.டி.யில் ஃபெஸ்டெம்பர் 1975 முதல் நடக்கிறது. இத்தனை ஆண்டுகளில் மேசை தூக்கிய தோள்களைப் பக்கம் பக்கமாக நிறுத்தினால் ஏழு பிராகாரத்தையும் சுற்றிவரலாம். இது என் கணக்கு, யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்.

தம்பி என்ற விளி பற்றி

2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. சின்னம், வேட்டி சட்டையில் கும்பிட்டு நிற்கும் குதிரை. பெயர் ‘தம்பி’. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் அதைத் தமிழரின் உறவுமுறைப் பண்பாடு என்று புரிந்துகொண்டார்கள். விழாவில் வேலை பார்த்த யாருக்கும் உண்மை தெரியும். ‘தம்பி, இந்த ஃபேன் ஏன் சுத்தல?’ ‘தம்பி, டாய்லெட் எந்தப் பக்கம்?’ ‘தம்பி, எங்க டீம் பேரையே காணோம்?’ கைகூப்பி, சிரித்த முகத்தோடு, வேட்டி கசங்காமல் நிற்கும் குதிரை வேறு யாராக இருக்க முடியும்? ஓர் அரசு தன்னார்வலனுக்கே சிலை வைத்தது உலகில் அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 70,000 தன்னார்வலர்களுக்குக் ‘கேம்ஸ் மேக்கர்ஸ்’, அதாவது ஆட்டத்தை ஆக்குகிறவர்கள் என்று பட்டம் கொடுத்தார்கள். பெரிய வார்த்தை. தம்பியில் இருக்கிற உரிமை அதில் இல்லை. கேம்ஸ் மேக்கரை யாரும் ‘ஒரு டீ வாங்கிட்டு வா’ என்று அனுப்ப முடியாது.

எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. அன்று மைக்செட்காரர் என்னைத் தம்பி என்றார். பிள்ளைகள் அங்கிள் என்றார்கள். கழுத்தில் தொங்கிய ஒரே அட்டைக்கு இரண்டு தலைமுறை.

முதுகுக் கோட்பாடு

இனி ஆய்வின் மையத்துக்கு வருகிறேன்.

கயிறு பிடித்த அந்த மார்கழி விடியல். போலீஸ்காரர்களோடு எங்களைப் போன்ற கல்லூரிப் பையன்கள் கொஞ்சம் பேர். சித்திரை வீதிப் பெரியவர் ஒருவர் கயிறு பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றாதே, கூட்டம் தள்ளினால் தோல் உரிந்துவிடும். ஒரே சுற்று, கட்டைவிரலை வெளியே விடு. காலை அகட்டி நில். முக்கியமாக, முகம் கூட்டத்தைப் பார்த்து இருக்கட்டும்.

பரமபத வாசல் திறந்தது எனக்குக் கூட்டத்தின் முகத்தில்தான் தெரிந்தது. ‘ரங்கா, ரங்கா’ என்ற சத்தம் முதலில் தூரத்தில் எழுந்து அலைபோல வந்தது. எனக்கு எதிரே ஒரு பாட்டி பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு கால்விரலில் எழும்பி நின்றாள். அவள் கண்ணில் தீவட்டி வெளிச்சம் இடமிருந்து வலமாக நகர்ந்தது. அவ்வளவுதான் நான் பார்த்த புறப்பாடு. ரத்தினாங்கியில் நம்பெருமாள் எனக்குப் பின்னால் போய்விட்டார். திரும்பினால் கயிறு போய்விடும். நான் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: “நன்னா சேவிச்சியா?”

“ஆச்சு” என்றேன்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். தோளில் ஏளப்பண்ணிக்கொண்டு போகிற ஸ்ரீபாதந்தாங்கிகளில் முன்தண்டு பிடிக்கிறவர்களுக்கும் பெருமாள் முதுகுப் பக்கம்தான். அவ்வளவு அருகில் இருப்பவர்களும் பார்ப்பதில்லை. ஆகவே கோட்பாடு இதுதான்: எந்த விழாவிலும், பார்க்க வேண்டியதற்கு யார் முதுகு காட்டிக்கொண்டு நிற்கிறாரோ அவரே தன்னார்வலர். ஐ.டி. கார்டு, டி-ஷர்ட், வாக்கி-டாக்கி எல்லாம் துணைச் சான்றுகள். வாக்கி-டாக்கியோடு மேடையைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் சிறப்பு விருந்தினரின் மருமகனாக இருக்கலாம்.

கோட்பாட்டைச் சோதிக்க அந்தக் கேமிங் விழாவை விடச் சிறந்த ஆய்வுக்கூடம் கிடையாது. ஒரு மூலையில் பிஜிஎம்ஐ. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து செல்போனில் ஆட, ரூம் ஐடியும் பாஸ்வேர்டும் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவி அணி அணியாகக் காதில் சொல்லிக்கொண்டு போனாள். தாயம் விழாமல் காய் இறங்காத மாதிரி, அவள் வந்து சொல்லாமல் யாரும் உள்ளே நுழைய முடியாது. நடுவில் பெரிய திரை, பத்துக் கம்ப்யூட்டர், வேலரண்ட். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், 13 சுற்று முதலில் எடுப்பவர் வெற்றி.

என் பக்கத்தில் முதலாமாண்டுப் பையன் ஒருவன். ஹாஸ்டலில் அவனை மிஞ்ச ஆள் இல்லையாம். பேர் கொடுக்கப் போனவனிடம், ‘ரெஜிஸ்ட்ரேஷன்ல ஆள் கம்மியா இருக்கு, நீ கொஞ்சம் நில்லு’ என்று சொல்லி ஒரு டேக் மாட்டிவிட்டார்கள். அந்தக் ‘கொஞ்சம்’ இரண்டாம் நாள் அரை இறுதி வரைக்கும் நீண்டது. கூட்டம் மேசை மேல் சாயாமல் இருக்க இரண்டு கையையும் விரித்து நின்றான். திரை அவன் முதுகுப் பக்கம். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. எதிரே இருந்த முகங்களைப் பார்த்தபடியே என்னிடம் மெல்லச் சொன்னான்:

“அங்கிள், 12–11. மேட்ச் பாயிண்ட்.”

“உனக்கு எப்படிடா தெரியும்?”

“அந்த கண்ணாடி போட்டவன் மூச்சை அடக்கிட்டு நிக்கிறான் பாருங்க.”

அந்தப் பாட்டி ஞாபகம் வந்தது. அவனிடம் சொல்லலாமா என்று வாயெடுத்தேன். கரண்ட் போய்விட்டது.

இயல் கடைசி: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

இதில் கொஞ்சம் இயற்பியல் வரும். வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 6 ஆம்பியருக்கு உட்பட்டது. 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,380 வாட். கேமிங் கம்ப்யூட்டர் ஒன்று மானிட்டரோடு சேர்ந்து, ஆட்டம் சூடு பிடித்தால், 400 வாட் இழுக்கும். மூன்று மாட்டலாம், நான்காவது கூடாது. ஒன்றாம் எண் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு நான் கொண்டுபோன பாக்ஸில் மூன்றுதான் மாட்டியிருந்தது. டெக் கொத்தின் தலைவி எண்ணிப் பார்த்து, மீதி இரண்டு துளையையும் செல்லோடேப்பால் ஒட்டிவிட்டுத்தான் போனாள். கெட்டிக்காரப் பெண்.

ஹாஸ்பிடாலிட்டி கொத்தில் ஒருவருக்கு நடுவருக்கு டீ கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. யாரும் சொல்லவில்லை, சொந்த ஆர்வம். (மொத்த ஆய்விலும் கலப்படமில்லாத தன்னார்வம் பதிவானது இந்த ஓர் இடத்தில்தான்.) செல்லோடேப்பைப் பிய்த்துவிட்டு எலெக்ட்ரிக் கெட்டிலை மாட்டினார். கெட்டில் 1,500 வாட். அந்த லைனின் எம்.சி.பி. டிரிப் ஆனது. பத்துக் கம்ப்யூட்டர், ஒரு பெரிய திரை, நான்கு ஃபேன், வைஃபை ரௌட்டர் எல்லாம் ஒரே நொடியில் சாந்தமாயின. பிஜிஎம்ஐ மூலையிலிருந்து வந்த சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. கண்ணாடி போட்டவன் அடக்கிய மூச்சை அப்போதுதான் விட்டான்.

ரீமேட்ச் என்று அறிவித்தார்கள். தோற்றுக்கொண்டிருந்த அணி ஜெயித்தது. நடுவருக்கு டீ கிடைக்கவில்லை. முதலாமாண்டுப் பையன் அந்த ஆட்டத்தையும் பார்க்கவில்லை. ‘எந்த பாக்ஸ்லேர்ந்து டிரிப் ஆச்சு?’ என்று மைக்கில் கேட்டதும், அதுவரை ‘இது யாருது, நல்லா கனமா இருக்கே’ என்று பாராட்டிய முப்பத்தொரு பேரும் அந்த பாக்ஸைப் பார்த்ததே இல்லை என்றார்கள். ஆறு மணிக்கு மேசைகளை அடுக்கி, திரையைச் சுருட்டி, சாவிக்கொத்துக்காரரிடம் ஹாலை ஒப்படைத்தபோது என் பாக்ஸ் இல்லை. மூன்று கொத்துகளில் கேட்டேன். லாஜிஸ்டிக்ஸ், டெக்கிடம் இருக்கும் என்றது. டெக், ஹாஸ்பிடாலிட்டியைக் காட்டியது. ஹாஸ்பிடாலிட்டி போனை எடுக்கவில்லை. அண்ணன் மகன் ‘கண்டிப்பா தேடித் தர்றேன் சித்தப்பா’ என்று சொல்லி எட்டு மாதம் ஆகிறது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் முடியாமல் நின்று 1987-ல்தான் 236 அடிக்கு எழுந்து நிறைவடைந்தது என்று என் மனைவிக்கு எடுத்துச் சொன்னேன். அவள் அந்த ஒப்பீட்டை ஏற்கவில்லை.

ஆகவே படிப்பவர்களில் அன்றைக்கு அந்த ஹாலில் இருந்த யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். வெள்ளை பாக்ஸ், ஐந்து துளை, சிவப்பு ஸ்விட்ச், நான்கு கெஜ ஒயர். அடியில் மார்க்கரில் ‘ஸ்ரீரங்கம், திருப்பித் தரவும்’ என்று எழுதியிருக்கும். ஓரத்தில் செல்லோடேப் பசை இன்னும் இருக்கும். அடுத்த ஃபெஸ்ட்டுக்கு வந்து நிற்கச் சொல்லி அண்ணன் மகன் நேற்று போன் செய்தான், வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் கொடுத்துவிட்டால் நல்லது.